பாரம் இல்லாத இடம்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவவுக்கு 74 வயது. தை மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒபரேஷன் முடிந்து மூன்று மாதமாகக் கட்டில்தான். "அங்க போனா எனக்கு நோவு இராது என்ன?" என்று கேட்டா. எங்களுக்குத் தூக்கித் தூக்கிச் சலித்துவிட்டது என்று சொல்லி அழுகிறா. அங்கே ஈர்ப்பே இல்லையா? பாரம் இல்லாமல் இருப்பது உடம்புக்குச் சுகம்தானே? இன்னொன்று, இதுவரை ஐந்து தரம் எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். கதிர்வீச்சை நினைத்தால் பயமாக இருக்கிறது.

த.,
தம்பிலுவில்

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவின் கேள்வி இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை.

ஈர்ப்பு அங்கேயும் இருக்கிறது. நிலையம் சுற்றுவது தரையிலிருந்து சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில். அங்கே புவியீர்ப்பு இங்கிருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு. ஆனால் நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதால், விழ விழப் பூமியும் வளைந்து விலகிப் போகிறது. தரை எட்டுவதே இல்லை. கல்லடியில் வாவிக்குள் குதிக்கிற பொடியனும் தண்ணீரைத் தொடும்வரை அதே நிலையில்தான் இருக்கிறான். காலைத் தாங்க ஒன்றும் இல்லை, அதனால் பாரம் தெரிவதில்லை.

அது சுகமா? சிலருக்கு முதலில் சுகமாகத் தோன்றலாம். பிறகு உடம்பு கரையத் தொடங்கும். நம் எலும்பு ஒரு பக்கம் கரைந்துகொண்டும் மறுபக்கம் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கிற உயிருள்ள பொருள். எங்கே பாரம் விழுகிறதோ அங்கே கட்டுமானம் நடக்கும். கரைவலை இழுக்கிறவர்களின் தோளையும் காலையும் பாருங்கள், புரியும். பாரம் நின்றால் கரைவது கட்டுமானத்தை முந்திவிடும். போதிய உடற்பயிற்சி செய்யாத வீரருக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை வீதம் குறைகிறது. வயதானவர்களுக்கு ஓராண்டில் நடப்பது அங்கே ஒரு மாதத்தில் நடந்துவிடுகிறது. கரைந்த கல்சியம் சிறுநீரில் போய்ச் சிறுநீரகக் கல்லாகவும் மாறலாம். காலில் இருக்க வேண்டிய நீர் தலைக்கு ஏறி முகம் வீங்கும், சிலருக்குக் கண்பார்வையும் மாறும். அதனால்தான் தினமும் இரண்டு மணித்தியாலம்வரை அவர்கள் பயிற்சிக்கே ஒதுக்குகிறார்கள். ஓடும்போது மிதந்து போகாமலிருக்க வாரால் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்தப் பாதிப்பைப் பூமியில் ஆராய விண்வெளி நிறுவனங்கள் பயன்படுத்துவது எதைத் தெரியுமா? கட்டிலைத்தான். 2019இல் ஜேர்மனியின் கொலோன் நகரில் நல்ல சுகதேகிகளை 60 நாள் படுக்கையிலேயே வைத்தார்கள். தலைப்பக்கம் 6 பாகை தாழ்த்திய கட்டில். சாப்பாடு, குளிப்பு, மலசலம் எல்லாம் படுத்தபடியேதான். அப்படிப் படுத்திருக்கும் உடம்பு, மிதக்கும் உடம்பைப் போலவே எலும்பையும் தசையையும் இழக்கிறது. அம்மா போக ஆசைப்படுகிற இடத்துக்கு மிகக் கிட்டிய நிலையில்தான் அவ மூன்று மாதமாக இருக்கிறா. அந்த நோவில் ஒரு பங்காவது படுக்கை கொடுத்ததாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

ஆகவே அம்மாவுக்குத் தேவை பாரம். எவ்வளவு, எப்போது என்பதை ஒபரேஷன் செய்த டொக்டரும் பயிற்சி கொடுப்பவர்களும் சொல்ல வேண்டும். முறிந்த இடம் பொருந்திவிட்டதா என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் நீங்களாகப் போய்க் கேளுங்கள். கேட்காமல் விட்டால் "ஓய்வு எடுக்கட்டும்" என்றே நாட்கள் ஓடிவிடும். எங்கள் பக்கத்தில் வயதானவர்களுக்கு நாம் செய்கிற பெரிய அநியாயம், அன்பின் பேரில் அவர்களைப் படுக்கையிலேயே வைத்திருப்பது.

எக்ஸ்ரேக்குப் பயப்பட வேண்டாம். கதிர்வீச்சை மில்லிசீவெர்ட் என்று அளப்பார்கள். உலகில் சராசரி மனிதர் ஒருவர் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் ஆண்டுக்குச் சுமார் 2.4 பெறுகிறார். இடுப்பு எக்ஸ்ரே ஒன்று பொதுவாக 1ஐ எட்டாது. விண்வெளி நிலையத்தில் இருப்பவர் அந்த ஒரு எக்ஸ்ரேயின் அளவை ஓரிரு நாளில் பெற்றுவிடுகிறார். செவ்வாய்க்குப் போகும் வழியில் கியூரியோசிட்டி விண்கலம் அளந்தது நாளுக்கு 1.8. போய்வர ஓராண்டு என்றால், நாசா தன் வீரர் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வகுத்திருக்கும் 600 என்ற எல்லை பயணத்திலேயே தாண்டிவிடும். சூரியன் துகள்களை வாரி வீசும் சூரியப் புயல் வந்தால் இன்னும் மோசம். 1972 ஓகஸ்ட்டில் பெரும்புயல் ஒன்று அடித்தது. சந்திரனுக்குப் போன அப்பல்லோ-16 கலம் ஏப்ரலில் திரும்பியிருந்தது, அடுத்த கலமான அப்பல்லோ-17 டிசம்பரில்தான் புறப்பட்டது. இடையில் யாரும் சந்திரனில் இல்லாதது பெரும் அதிர்ஷ்டம்.

தம்பிலுவில்லில் உங்கள் முற்றத்துக்கு மேலே இருக்கிற காற்று, ஒரு சதுர மீற்றருக்குப் பத்துத் தொன் நிறை. பத்து மீற்றர் ஆழத் தண்ணீருக்கு அடியில் இருப்பதற்குச் சமம். அதற்கும் வெளியே பூமியின் காந்தப்புலம். அந்தப் புலம் தரைக்குச் சமாந்தரமாக இருக்கும் கோடுதான் காந்த மத்தியகோடு. அது நமக்குச் சற்று வடக்கே, தமிழ்நாட்டின் திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. அந்தக் கோட்டை ஒட்டிய இடங்களில்தான் விண்ணிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்கள் உள்ளே நுழைவது மிகக் கடினம், துருவங்களில் எளிது. அந்தப் பாதுகாப்பு நன்றாக வாய்த்தது நம் கிழக்கிலங்கைக் கரையோரம்.

தூக்கித் தூக்கிச் சலித்துவிட்டது என்று அம்மா அழுவதற்கு ஒரு பதில் சொல்லுங்கள். ஆறு மாதம் விண்வெளியில் இருந்துவிட்டுக் கஸகஸ்தான் புல்வெளியில் இறங்குகிற வீரர்களைக் கலத்திலிருந்து தூக்கித்தான் வெளியே எடுக்கிறார்கள். நாற்காலியில் இருத்தி, போர்வை போர்த்தி, சுமந்துகொண்டு போவார்கள். முதல் அடி வைக்கும்போது இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ளும். அவர்களில் பலர் அம்மாவைவிட முப்பது வயது இளையவர்கள்.