இலைச்சாறு பழுப்பாகிறது, நொதி காணாமல் போகிறது: எங்கே தேடுவது?

கேள்வி: இலையிலிருந்து பெராக்சிடேஸ் நொதியை (ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு பிற பொருள்களை ஆக்சிஜனேற்றுவது) பிரிக்கிறேன். அரைத்த சாறு சில நிமிடங்களில் பழுப்பாகிவிடுகிறது. அம்மோனியம் சல்பேட்டில் படிய வைத்தால் செயல்பாடு பாதிக்குக் கீழே போகிறது. டிஇஏஇ நிரலில் (எதிர்மின்னேற்றம் கொண்ட புரதங்களைப் பிடிப்பது) உப்பு ஏற்றி எடுத்த குழாய்களில் ஒன்றுமே இல்லை. தவறு எங்கே?

பதில்: நொதி உண்மையில் கெடுவது முதல் கட்டத்தில். மற்ற இரண்டிலும் பெரும்பாலும் நீங்கள் கீழே கொட்டிய திரவத்தில் இருக்கும்.

முழு இலையில் பீனால்கள் செல்லின் நுண்குமிழிலும் (வாக்குவோல்), அவற்றை ஆக்சிஜனேற்றும் நொதி பசுங்கணிகத்திலும் தனித்தனியே இருக்கின்றன. அரைத்ததும் இரண்டும் கலந்து குயினோன்கள் உண்டாகிப் புரதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு அவற்றைக் கழற்ற முடியாது. எனவே நடுநரம்பு நீக்கிய 50 கிராம் இளம் இலையைத் திரவ நைட்ரஜனில் மாவாக இடித்து, தூள் உருகுவதற்கு முன்பே 150 முதல் 200 மி.லி. குளிர்ந்த பொட்டாசியம் பாஸ்பேட் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) போடுங்கள். பிஎச் 6.5–7, செறிவு 100 மில்லிமோலார். 20 மில்லிமோலார் போதாது, செல்சாற்றின் அமிலம் பிஎச்சை இழுத்துவிடும். பஃபரில் 100 மி.லி.க்கு 2 முதல் 5 கிராம் பிவிபிபி (பீனால்களைப் பிடித்துக்கொள்ளும், நீரில் கரையாத தூள்) சேர்த்து முந்தின இரவே ஊறவிடுங்கள். கரையும் பிவிபியை வாங்கிவிடாதீர்கள். அது சாற்றிலேயே தங்கிப் புரத அளவை அறியும் பிராட்போர்டு அளவீட்டைக் குழப்பும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டிடிடியும் அஸ்கார்பேட்டும் பழுப்பைத் தடுக்கும்தான், ஆனால் பெராக்சிடேஸ் செயல்பாட்டை அளக்கும் குவையகால் சோதனையில் உண்டாகும் நிறத்தையும் தின்றுவிடும். மஸ்லின் துணியில் வடித்து, 4 டிகிரியில் 15,000 ஜி விசையில் 20 நிமிடம் சுழற்றுங்கள்.

சல்பேட் கட்டத்தில் ஒரு மி.லி.க்கு எத்தனை அலகு நொதிச் செயல்பாடு என்று ஒப்பிடுவது வீண். மொத்த அலகைக் கணக்கிடுங்கள், படிவிலும் மேல்நீரிலும். இரண்டின் கூட்டுத்தொகை தொடக்கச் சாற்றுக்கு அருகில் வந்தால் வெட்டு எல்லை (எந்த உப்புச் செறிவில் படிய வைப்பது என்பது) தவறு, அவ்வளவுதான். வராவிட்டால் நுரையும் பிஎச் இறக்கமும் சந்தேகத்துக்குரியவை: உப்பை அரைமணி நேரத்தில் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, மெதுவாகக் கலக்கி, பிஎச்சை அவ்வப்போது சரிசெய்யுங்கள்.

டிஇஏஇ நிரலில் ஒட்டாமல் வந்த முதல் கழிவுநீரை அளந்தீர்களா? தாவரப் பெராக்சிடேஸ்களில் நேர்மின்னேற்றம் கொண்ட வகைகள் உண்டு. பிஎச் 8 டிரிஸ் பஃபரில் அவை ஒட்டாது, நேராக ஓடிவிடும். அந்தக் கழிவுநீரில் குவையகால் நிறம் வந்தால் பிஎச் 6 அளவில், நேர்மின்னேற்றப் புரதங்களைப் பிடிக்கும் சிஎம் நிரலுக்கு மாறுங்கள். டயாலிசிஸ் (சவ்வு வழியே உப்பை நீக்குவது) அரைகுறையாக இருந்தாலும் இதே கதைதான். மாதிரியின் மின்கடத்துதிறன் நிரல் பஃபருக்குச் சமமாகும் வரை ஏற்றாதீர்கள்.

பண்பாய்வில் குவையகாலை 470 நானோமீட்டரில், 26.6 என்ற மில்லிமோலார் ஒளி உறிஞ்சல் குணகத்தோடு, முதல் நேர்கோட்டுப் பகுதியில் மட்டும் அளவிடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு மிகுந்தால் நொதியே செயலிழக்கும். பழைய பெராக்சைடு புட்டியை நம்பாமல் 240 நானோமீட்டரில் செறிவைச் சரிபாருங்கள். கேஎம் (நொதி தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டும் அடிப்பொருள் செறிவு) கண்டுபிடிக்க அதன் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை அடிப்பொருள் செறிவுகள் தேவை. வேகம், செறிவு இரண்டின் தலைகீழ் மதிப்புகளை வரையும் இரட்டைத் தலைகீழ் வரைபடம் கண்ணுக்கு அழகு, ஆனால் குறைந்த செறிவின் பிழையை ஊதிப் பெரிதாக்கும். அளவீடுகளுக்கு நேரடியாக வளைகோட்டைப் பொருத்துவதே மேல்.