கூழ்முட்டை வாடையும் ஏரிக்கரை அறையும்

கேள்வி: நியூசிலாந்தின் ஒக்லாந்தில் இருக்கும் மகளிடம் டிசம்பரில் போகிறோம். ரொட்டோருவாவில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் இரண்டு இரவு தங்கலாம் என்கிறாள். அது எரிமலைப் பூமி, ஊரே கூழ்முட்டை நாறும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். இவரோ, "நம் திருகோணமலைக் கன்னியாக் கிணறுகளில் இல்லாத வெந்நீரா?" என்று சிரிக்கிறார். போகலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. ஆனால் ஏரி தெரியும் அறைக்கென்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். விடிந்தால் கடலைப் பார்க்கிற உப்புவெளிக்காரருக்கு அது எதற்கு? கரையில் காலாற நடந்தாலே ஏரி முழுக்கத் தெரியும். அந்தக் காசை வெந்நீர்க் குளியலுக்கு வையுங்கள். பொதுத் தொட்டியில் இறங்கக் கூச்சமாக இருந்தால், தனித்தொட்டி வாடகைக்குத் தரும் இடங்களும் உண்டு.

ஐயாவின் சிரிப்புக்கு வருவோம். இராவணன் தாய்க்குக் கருமம் செய்ய நிலத்தைக் குத்திய கதை இருக்கட்டும். கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கும் எரிமலைக்கும் சம்பந்தமில்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கி, பூமிச் சூட்டில் காய்ந்து மேலே வருகிறது, அவ்வளவுதான். ரொட்டோருவாவில் அந்த ஏரியே ஒரு பழைய எரிமலைக் குழி. ஏறக்குறைய 2,40,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்து, நிலம் உள்ளே அமிழ்ந்து, தண்ணீர் தேங்கியது. பக்கத்துத் தரவேரா மலை 1886 ஜூன் 10இல் வெடித்து ஊர்களையே மூடியிருக்கிறது. இப்போது விஞ்ஞானிகள் அந்த மலைகளைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது மலைக்கல்ல, காலடிக்கு. வேலி போட்ட பாதையை விட்டு ஓர் அடி கூட விலகக் கூடாது. மேலே காய்ந்த மண், கீழே கொதிக்கும் சேறு.

வாடை உண்மைதான். ஐதரசன் சல்பைட்டு வாயு. கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். தொய்வு, இழுப்பு உள்ளவர்கள் என்றால் மட்டும் டொக்டரிடம் கேட்டுவிட்டு அறை போடுங்கள். சல்பர் பே என்ற பெயரிலேயே கந்தகத்தை வைத்திருக்கும் மூலைக்குப் பக்கத்தில் ஹோட்டல் வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். கன்னியாவில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிப் பழகிய கை நமக்கு. அங்கே தலையை நனைக்கவே கூடாது. மூக்குக்குள் தண்ணீர் போனால் மூளையைத் தாக்கும் ஓர் அமீபா வெந்நீரில் இருக்கலாம் என்று அறிவித்தல் பலகையே வைத்திருப்பார்கள். கழுத்தோடு நிறுத்துங்கள்.

பார்ப்பதற்கு? முதலில் போஹுட்டு. நிலத்திலிருந்து 30 மீட்டர் வரை பீச்சும் வெந்நீர். அப்புறம் வை-ஓ-தாப்பு என்ற வெந்நீர் ஊற்றுப் பூங்கா. அங்கே தினமும் காலை 10.15க்கு ஊற்றுவாயில் சவர்க்காரம் போட்டு வெந்நீரைப் பொங்க வைப்பார்கள்! கைதிகள் துணி துவைக்கப் போய்த் தற்செயலாகக் கண்டுபிடித்த வித்தையாம். ஐயாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

என் மச்சாள் அங்கே போய்வந்தபோது அவளுடைய வெள்ளிக் கொலுசு அந்த வாயு பட்டு அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது, புளி போட்டுத் தேய்த்து ஒரு பகல் போயிற்று. உங்கள் கொலுசையும் மெட்டியையும் அலுமாரியில் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.