வீட்டுல செஞ்ச ஜிக்குல பெயின்ட் நிக்கவே மாட்டேங்குது, கடையில வாங்குறதே மேலா?

மீன் புடிக்க ஈயம் உருக்கி ஜிக் (ஈயத் தலை வச்ச தூண்டி முள்ளு, வாலுக்கு முடி கட்டுவோம்) ஊத்தி, அதுக்கு நெயில் பாலிஷ் அடிச்சா ரெண்டு எறியிலயே உதிருதுன்னு கேட்டிருக்கீங்க. மோல்டுல இருந்து எடுத்த சூட்டோட, வீட்ல யாரோடயோ பழைய பாலிஷ் பாட்டில தூக்கிட்டு வந்து அடிச்சிருப்பீங்க. நானும் அதான் பண்ணேன், அதான் சொல்றேன். பேசாம வாங்கிக்கோங்கன்னு ரெண்டு பேரு பதில் போட்டிருக்காங்க பாருங்க, அதப் பாத்துதான் கடுப்பாகி எழுதவே உக்காந்தேன்.

எனக்கு தூத்துக்குடி. டயர் கடையில பழைய வீல் பேலன்ஸ் வெயிட் (சக்கரத்துல மாட்டுற ஈயத் துண்டு) வாங்கிட்டு வந்து மொட்டமாடியில உருக்குனேன். காரீயம் 327 டிகிரியிலயே உருகிடும், ஆனா அந்த வெயிட்டுல சிலது துத்தநாகம், அது உருக 419 ஆகும், மேல மிதக்கும், கரண்டியால அள்ளி வெளிய போடணுமே தவிர அடுப்ப கூட்டக் கூடாது. இதெல்லாம் படிச்சுட்டுதான் போனேன். படிச்சும் என்ன, காலையில கழுவி வச்ச மோல்டு மூலையில ஒரு சொட்டு தண்ணி நின்னத பாக்கல. ஊத்துன உடனே டப்புன்னு தெறிச்சுது பாருங்க, கண்ணாடி போட்டிருந்ததால கண்ணு தப்பிச்சுது, இடது கையில இன்னும் தழும்பு இருக்கு.

இப்ப ஒருத்தர் வருவாரு, எங்க பாட்டி ஈயச்சொம்புலதான் ரசம் வச்சாங்க, ஒண்ணும் ஆகலயேன்னு. ஐயா, அது வெள்ளீயம், இது காரீயம், விஷம். திறந்த வெளியில பண்ணுங்க, சின்னப் பிள்ளைங்க பக்கத்துல வேணாம், சமையல் பாத்திரத்த தொடாதீங்க.

சரி பெயின்ட்டுக்கு வர்றேன். ஈயத்து மேல கை எண்ணெய்ப் பசையோ மோல்டுல காட்டுன மெழுகுவத்திக் கரியோ இருந்தா எந்த பெயின்ட்டும் ஒட்டாது, அசிட்டோன்ல நல்லா துடைங்க. நெயில் பாலிஷ தூக்கிப் போட்டுட்டு பவுடர் பெயின்ட் வாங்குங்க. ஜிக் தலைய ஹீட் கன்ல (சூடான காத்து அடிக்கிற மிஷின்) சூடு பண்ணி பவுடருக்குள்ள ஒரு முக்கு, அவ்ளோதான், வழவழன்னு ஒட்டிக்கும். பொடி பொடியா சொரசொரன்னு இருந்தா சூடு பத்தல. அடுத்து பழைய ஓவன்ல 175 டிகிரியில இருபது நிமிஷம் வேகணும், இதத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. பாறையில மோதினாலும் அப்புறம் லேசுல உதிராது.

    

முடி கட்டுறதுல நான் வாங்குன அசிங்கம் தனி. யூடியூப்ல காட்டுறது அமெரிக்க வெள்ளைவால் மானோட வால் முடி, அடிப்பக்கம் உள்ள குழலா இருக்குறதால நூல இறுக்குனா விரிஞ்சு நிக்கும். இங்க மான் முடிக்கு அலைஞ்சா 1972 வன உயிரினச் சட்டத்துல உள்ள போக வேண்டியதுதான். நான் கறிக்கடையில வெள்ளாட்டு வால் கேட்டு வாங்கி, ஷாம்பு போட்டு அலசி, சின்னச் சின்னக் கத்தையா சுத்தி வர கட்டுறேன், முடிச்சுல ஒரு சொட்டு ஃபெவிக்விக். மொத தடவ புசுபுசுன்னு கட்டி, பெருமையா ஒரு வள்ளக்கார அண்ணாச்சிகிட்ட நீட்டுனேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஏல, மீனு புடிக்கவா, இல்ல ஒட்டடை அடிக்கவான்னு கேட்டுட்டு, கத்திய எடுத்து பாதி முடிய அறுத்து கையில குடுத்துட்டாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா முடி குறைஞ்சாதான் சீக்கிரம் கீழ இறங்கும், தண்ணிக்குள்ள ஆட்டமும் தெரியும், மறுநாள் அதுலதான் எனக்கு மொத பாறை மீனு ஏறுச்சு. சின்னதுதான், கிண்டல் பண்றவங்க பண்ணிக்கோங்க.

லாபமான்னு கேட்டா, பத்து இருபது ஜிக்குக்கு கிடையாது, சத்தியமா கிடையாது. ஆனா கல்லுல மாட்டி அறுந்தா வயிறு எரியாது.

இன்னொண்ணு, ஓவன்ல வைக்கிறதுக்கு முன்னாடியே தூண்டி நரம்பு கட்டுற ஓட்டைக்குள்ள ஊசிய விட்டு பவுடர எடுத்துடுங்க. நான் மறந்துட்டு ஒரு ஞாயித்துக்கிழம பூரா 22 ஜிக்கையும் குத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்.