ஆடுகளோடு மட்டக்குதிரையைச் சேர்த்து வளர்க்கலாமா?

தெல்லிப்பழையில் நான்கு ஆடுகள் வைத்திருக்கிறீர்கள், மகளுக்காகச் சிறிய மட்டக்குதிரை ஒன்று வாங்க எண்ணுகிறீர்கள், இரண்டையும் ஒரே கொட்டிலில் விட்டு ஒரே தீனி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பகலில் ஒரே வளவில் நிற்கட்டும். சாப்பாடும் இரவுப் படுக்கையும் தனித்தனியாக இருக்கட்டும். என் பதில் இவ்வளவுதான். ஆனால் காரணம் தெரியாமல் இதைக் கடைப்பிடித்தால் என்றாவது ஒருநாள் கை தவறும். எனக்குத் தவறியது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நீர்வேலியில் எங்கள் வளவில் அம்மாவின் காலத்திலிருந்தே ஆடுகள் உண்டு. இப்போது ஆறு நிற்கின்றன: யமுனாபாரிக் கலப்பு மறிகள் மூன்று, நாட்டாடு இரண்டு, கிடாய் ஒன்று. ஏழு வருடங்களுக்கு முன் நுவரெலியாவில் இருந்த என் மைத்துனர் வெளிநாடு போகும்போது, பிள்ளைகளை ஏற்றி நடத்திய தன் சிறு குதிரையை எங்களிடம் ஒப்படைத்தார். பெயர் செம்பன். விதை நீக்கப்பட்ட ஆண். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் அளந்தால் 36 அங்குலம், எடை ஏறத்தாழ 90 கிலோ. சங்கத்தைப் பொறுத்து 34 அல்லது 38 அங்குலத்துக்கு உட்பட்ட குதிரைகளையே இந்தச் சிறிய வகை மட்டக்குதிரை (miniature horse) என்று வளர்ப்போர் சங்கங்கள் ஏற்கின்றன. ஆகவே நீங்கள் நினைத்திருக்கும் அளவும் இதுவாகத்தான் இருக்கும்.

லொறியிலிருந்து இறங்கிய இரவு முழுவதும் செம்பன் கனைத்துக்கொண்டே இருந்தான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். எங்கள் கிழட்டு மறி வெள்ளைச்சி வேலியோரமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள். வேலிக்கு மறுபுறம் அவளுக்கு மேலே தலையைத் தொங்கவிட்டபடி அவன் நின்றான். அன்றிலிருந்து கனைப்பு நின்றுவிட்டது. குதிரை தனிமையைத் தாங்காத பிராணி. ஆடு அதற்குத் துணையாகும் என்பது வெறும் பேச்சல்ல, நான் கண்ட உண்மை.

இந்த நட்பைப் பார்த்து மனம் குளிர்ந்துதான் நான் பிழை விட்டேன்.

பின்வேலியில் இப்பிலிப்பில் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. காலையில் கொக்கத்தடியால் குழை ஒடித்து ஆடுகளுக்குக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். செம்பனும் வந்து ஆவலாகத் தின்றான். ஆடு தின்கிறதே, இவனுக்கு மட்டும் என்ன வரப்போகிறது என்று விட்டுவிட்டேன். சில வாரங்கள் போயின. ஒருநாள் மகள் வாலைச் சீவிக்கொண்டிருந்தபோது கையோடு ஒரு பிடி மயிர் வந்தது. அடுத்த கிழமை பிடரியும் கொட்டத் தொடங்கியது. முதலில் ஆடுகளைத்தான் சந்தேகித்தேன். குதிரை வாலை மெல்லுகிற பழக்கம் ஆடுகளுக்கு உண்மையாகவே உண்டு. ஆனால் மென்ற மயிர் பாதியில் அறுந்திருக்கும். இது வேரோடு வந்தது. பிறகு பங்கசு என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவினேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் வந்த கால்நடை வைத்தியர் குதிரையைத் தொடுவதற்கு முன் தீனியைக் காட்டச் சொன்னார். கொட்டிலில் கிடந்த குழையைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

இப்பிலிப்பில் இலையிலும் விதையிலும் மிமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. குதிரையில் அது பிடரியையும் வாலையும் உதிரச் செய்யும். தொடர்ந்து தின்றால் குளம்பையும் கெடுக்கும். ஆட்டுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? அவுஸ்திரேலியாவில் இந்த இலையைத் தின்ற மாடுகள் நோயுற்றன. ஹவாயில் அதையே தின்று வாழ்ந்த ஆடுகள் நலமாக இருந்தன. அந்த வேறுபாட்டைத் தேடிப்போன ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர், ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் பக்டீரியா அந்த நஞ்சைச் சிதைப்பதைக் கண்டார். 1980களில் அந்தப் பக்டீரியாவை அவுஸ்திரேலிய மாடுகளுக்குப் புகட்டினார்கள், அவையும் தப்பின. பிற்பாடு அந்த நுண்ணுயிருக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.

நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒரு செய்தியில் அடங்குகிறது. ஆடு தின்னும் எதுவும் முதலில் நுண்ணுயிர்கள் நிறைந்த பெரிய இரைப்பைக்குள் போய் ஊறுகிறது. பல நஞ்சுகள் அங்கேயே உடைந்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த இரைப்பை இல்லை. அதற்கும் நுண்ணுயிர்கள் உண்டு, ஆனால் அவை பெருங்குடலில், வழியின் கடைசியில் இருக்கின்றன. இலை அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே நஞ்சு சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலந்துவிடும். அதோடு குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது போனதுதான். ஆகவே ஆட்டின் வயிற்றை நம்பிக் குதிரைக்குத் தீனி போடாதீர்கள்.

இப்பிலிப்பிலோடு இது முடியவில்லை. நம் வேலிகளில் நிற்கும் சீமைக்கிளுவையும் ஆட்டுக்கு நல்ல குழை, குதிரைக்கு ஆகாது. நேப்பியர், கினிப்புல் போன்ற உயரப் புற்களில் ஒக்சலேட் கூடுதல். அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். ஆட்டின் இரைப்பை ஒக்சலேட்டைப் பெரும்பாலும் சிதைத்துவிடும். குதிரையோ மாதக்கணக்கில் அதை மட்டுமே தின்றால், இரத்தத்தில் குறையும் சுண்ணாம்பை ஈடுசெய்யத் தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். தாடை எலும்பு வீங்கும், கால் நொண்டும். நான் செம்பனுக்கு அறுகம்புல்லையும் காய்ந்த கலப்புப் புல்லையும் அடிப்படையாக வைத்திருக்கிறேன். நேப்பியர் கலப்பினமான கோ-3 புல்லை ஆடுகளுக்கு மட்டும் வெட்டுகிறேன். அலரி எந்தப் பிராணிக்கும் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். கோயிலுக்குப் பூப் பறிக்க வளர்த்திருந்தால் அதன் கிளை வளவுக்குள் சாயாமல் பாருங்கள். வெட்டிப் போட்ட காய்ந்த கிளையிலும் நஞ்சு அப்படியே இருக்கும்.

இனி மூட்டைத் தீனி. இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். கோழித் தீனியிலும், ஆட்டுக்கும் மாட்டுக்குமான சில கலப்புத் தீனிகளிலும் இரத்தக் கழிச்சலைத் தடுக்க மொனென்சின் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். ஆட்டுக்கு உரிய அளவில் அது நன்மை. குதிரைக்கு அது இதயத் தசையை அழிக்கும் நஞ்சு. ஒரு கிலோ உடல் எடைக்கு 2 முதல் 3 மில்லிகிராம் போனாலே உயிர் போகலாம். பிழைத்தாலும் இதயம் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். மாற்று மருந்து கிடையாது. பெரிய குதிரை ஒரு வாய் தின்று தப்பிக்கலாம். 90 கிலோக் குதிரைக்கு அந்த இடைவெளி மிகக் குறைவு. எங்கள் வீட்டில் ஆட்டுத் தீனியும் கோழித் தீனியும் மூடி இறுக்கிய பீப்பாய்களில், கொண்டியிட்ட அறைக்குள் இருக்கின்றன. மூட்டையில் ஒட்டிய துண்டை வாசிக்காமல் எதையும் வாங்குவதில்லை.

மருந்தில்லாத தீனியாக இருந்தாலும் அள்ளிக் கொடுக்கக் கூடாது. மட்டக்குதிரை காற்றைத் தின்றே கொழுக்கும் இனம். தவிடு, பிண்ணாக்கு, தானியம் கூடினால் குளம்புக்குள் அழற்சி வந்து நடக்கவே முடியாமல் நின்றுவிடும். கார்த்திகை மழைக்குப் பின் வளவெல்லாம் இளம்புல் முளைக்கும் நாட்களிலும் இதே ஆபத்து உண்டு. அந்த நாட்களில் நான் மேய்ச்சல் நேரத்தைக் குறைத்துவிடுவேன். நாளொன்றுக்கு அதன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் காய்ந்த புல், அதாவது செம்பனுக்கு ஏறத்தாழ 1.35 முதல் 1.8 கிலோ. பருத்துவிட்டது என்று திடீரெனப் பட்டினி போடுவதும் பிழை. உடம்பிலுள்ள கொழுப்பு மொத்தமாக இரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுத்துவிடும். மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். ஆடுகளுக்கும் இதே கட்டுப்பாடு தேவை. குதிரையின் தானியத்தைத் திருடித் தின்ற ஆடு வயிறு புளித்து ஒரே இரவில் செத்துப்போகலாம்.

மேய்ச்சலில் மட்டும் இவை ஒன்றுக்கொன்று உதவி. ஆடு அண்ணாந்து பற்றைகளைத் தின்னும், குதிரை குனிந்து புல்லைத் தின்னும். ஆட்டின் இரத்தத்தை உறிஞ்சும் வயிற்றுப் புழு குதிரையின் வயிற்றில் பிழைக்காது. குதிரையின் புழுக்களில் பெரும்பாலானவை ஆட்டில் வளரா. ஒன்றின் புழுக்குஞ்சுகளை மற்றது தின்று தீர்த்துவிடுவதால் நிலம் சுத்தமாகிறது. இருவருக்கும் பொதுவான இரைப்பைப் புழு ஒன்றும் உண்டு என்பதால், சாணத்தைச் சோதித்துப் பூச்சி மருந்து கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். ஆட்டு மருந்தின் அளவைக் குதிரைக்கு நீங்களாகக் கணக்குப் போடவும் வேண்டாம். வீட்டில் செம்மறியும் இருந்தால் குதிரையின் தாதுக் கலவையை அதற்கு எட்டவிடாதீர்கள், அதிலுள்ள செம்பு செம்மறிக்கு நஞ்சு.

கொட்டில் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: ஒரே கொட்டில் வேண்டாம். நம் ஊரில் ஆட்டுக்கு மரச்சட்டம் அடித்த பரண் கொட்டில்தான் நல்லது, மழைக்காலத்தில் குளம்பு ஈரமாகாது. அந்தச் சட்ட இடைவெளியில் குதிரையின் கால் போனால் எலும்பு முறியும். எங்கள் ஆடுகள் மாலையில் பரணேறி, படலை பூட்டியபின் அங்கேயே குழை தின்கின்றன. செம்பன் பக்கத்திலேயே மண் தரையில், ஓலைக் கூரையின் கீழ் நிற்கிறான். ஒருவரையொருவர் பார்க்கலாம், மணக்கலாம்.

மட்டக்குதிரையின் கண்ணும் வயிறும் ஆட்டின் கொம்பு உயரத்தில்தான் இருக்கின்றன. தீனி வைக்கும் நேரத்தில் கிடாய் ஒரு முட்டு முட்டினால் கண் போய்விடும். குதிரை உதைத்தால் ஆட்டுக்குட்டி பிழைக்காது. குட்டி ஈனும் மறியையும் பிறந்த குட்டிகளையும் ஒரு மாதமாவது தனியாக வைக்கிறேன். விதை நீக்காத ஆண் குதிரையை ஆடுகளுக்குள் விடவே வேண்டாம். அது குட்டியைக் கழுத்தில் கவ்வித் தூக்கி எறியக்கூடியது.

வேலியில் முட்கம்பியும் துருப்பிடித்த தகரமும் இருந்தால் குதிரை வருவதற்கு முன் அகற்றுங்கள். ஆட்டின் தோல் கீறினால் பெரும்பாலும் ஆறிவிடும். குதிரை மிரண்டு ஓடிச் சதையையே கிழித்துக்கொள்ளும். ஏற்புநோய் மிக எளிதில் தொற்றும் பிராணிகளில் குதிரை முதன்மையானது. ஏற்பூசி போடாத குதிரையை ஒருநாளும் வைத்திருக்காதீர்கள். நாங்கள் பனைமட்டை வரிச்சு வேலிக்கு மாறினோம். கிளுவை வேலியை ஆடுகள் தின்று முடித்துவிட்டன.

இன்னொன்று உங்கள் மகளுக்காகவும் சொல்ல வேண்டும். செம்பன் வந்து மூன்றாம் வருடம் குடும்பமாக நெடுந்தீவுக்குப் போனோம். அங்கே வெளியில் திரியும் குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்பார்கள். 2015இல் அவை வாழும் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவற்றைப் பிடித்துத் தீவுக்கு வெளியே கொண்டுவர அனுமதி இல்லை. யாராவது அப்படி ஒன்றைத் தருவதாகச் சொன்னால் வாங்காதீர்கள். அந்த வெட்டவெளியில் மாடும் ஆடும் குதிரையும் ஒன்றாகத்தான் மேய்ந்துகொண்டிருந்தன. வெயில் ஏறியதும் பிரிந்தன. குதிரைகள் இரண்டிரண்டாக, ஒன்றின் தலைப்பக்கம் மற்றதின் வால்பக்கம் வரும்படி நெருங்கி நின்று, ஒன்றின் முகத்து ஈயை மற்றது வாலால் விரட்டிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி இரண்டு குதிரைகள் ஒன்றின் பிடரியடியை மற்றது பல்லால் நெருடிக் கொடுத்தபடி கண்ணை மூடி நின்றன. என் மகள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "வெள்ளைச்சிக்கு இது ஒன்றும் தெரியாதே அப்பா" என்றாள்.

அந்த வருடம் முடிவதற்குள் செம்பனுக்குத் துணையாக ஒரு சிறு பெண்குதிரையைக் கொண்டுவந்தோம். இப்போதும் அவன் ஆடுகளோடு மேய்கிறான். வெள்ளைச்சி செத்த அன்று அவள் கிடந்த இடத்தில் மாலைவரை நின்றான். ஆனால் ஈ மொய்க்கும் மத்தியானத்தில் அவன் தேடிப் போவது தன் இனத்தைத்தான். ஒரு குதிரை வாங்கும் பணமே உங்களிடம் இருந்தால், இரண்டு வாங்கும் காலம்வரை பொறுத்திருங்கள் என்பேன். அதற்கு முன் வளவில் அறுகம்புல் வளரட்டும்.

வாங்கும் நாளில் விற்பவரிடம் இதுவரை என்ன தின்றது என்று கேட்டு, அதே தீனியில் ஒரு மூட்டை கூடவே எடுத்துவாருங்கள். ஏழு முதல் பத்து நாட்களுக்குள் சிறிது சிறிதாக உங்கள் புல்லுக்கு மாற்றுங்கள். திடீர் மாற்றம் குடல் வலியில் முடியும். அந்தப் பத்து நாட்களும் ஆடுகளை வேலிக்கு மறுபுறம் நிறுத்தி, மூக்கோடு மூக்கு முகர மட்டும் விடுங்கள். பதினோராம் நாள், இரண்டு பக்கமும் வயிறு நிறைந்திருக்கும் நேரம் பார்த்து, நீங்களும் பக்கத்தில் நின்றுகொண்டு படலையைத் திறவுங்கள்.