கடல்மீன் தொட்டி: யாரோடு யார், யாருக்கு என்ன தீனி?

கேள்வி: மாண்டரின் மீன் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. பெல்லட் (உலர் உருண்டைத் தீனி) போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மெலிந்துகொண்டே வருகிறது. தொட்டி புதியது. என்ன செய்வது?

பதில்: மீனைப் பக்கவாட்டில் மட்டும் பார்க்காதீர்கள், முன்னாலிருந்தும் பாருங்கள். வயிறு உள்ளே ஒட்டி, தலைக்குப் பின்னால் முதுகுச்சதை வற்றியிருந்தால் பல நாள் பட்டினி என்று அர்த்தம். அது அடம்பிடிக்கவில்லை. அதற்குத் தெரிந்த சாப்பாடே வேறு. பாறையில் ஊரும் கோபிபாட் என்ற, ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள உயிரிகளைப் பகல் முழுக்க ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும் மீன் இது. புதுத் தொட்டியில் அவை கொஞ்சம்தான் இருக்கும். அவற்றைத் தின்று தீர்க்கும்வரை மீன் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், அப்புறம்தான் இளைக்கும்.

இப்போதைக்கு, துளைகள் உள்ள ஒரு பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு மீனை அதில் வையுங்கள். மற்ற மீன்கள் தீனியைப் பறிக்காது. ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின், அன்றன்று முட்டையிலிருந்து பொரித்தெடுத்த குஞ்சுகளை ஒரு நாளில் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் பிப்பெட் என்ற சொட்டுக்குழாயால் விடுங்கள். அதைத் தின்னப் பழகியதும் உறைந்த மைசிஸை (இறால்போன்ற சிற்றுயிர்) பொடியாக நறுக்கிக் கலந்து பாருங்கள். சில மீன்கள் பழகும், சில பழகவே பழகாது. கூடவே உயிருள்ள கோபிபாட் வாங்கி, இரவில் விளக்கை அணைத்தபின் பாறை இடுக்குகளில் விடுங்கள். ஆறுகோட்டு ராஸ் என்ற மீன் இருந்தால் அதுவும் இதே இரையைத்தான் தேடும். இரண்டும் ஒரே தொட்டியில் வேண்டாம். கடையில் மாண்டரினை வாங்குமுன், அது தீனி எடுப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு கிளவுன் மீன்களில் பெரியது சின்னதைத் துரத்துகிறது. சின்னது உடம்பை நடுக்கிக் காட்டுகிறது. நோயா?

பதில்: நோயில்லை. கிளவுன் மீன்கள் எல்லாமே முதலில் ஆணாகத்தான் வளர்கின்றன. ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். சின்னது நடுங்கிக் காட்டுவது பணிந்துபோவதற்கான அடையாளம். துடுப்பு கிழியாமல், இரண்டும் சாப்பிட்டால் விட்டுவிடுங்கள். மூன்றாவது ஒன்றைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: காலையில் கிளீனர் இறால் செத்துக் கிடந்தது. நீரில் ஏதோ நச்சு இருக்கிறதா?

பதில்: எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே சதையில்லாமல் கண்ணாடிபோல் தெரிந்தால் அது கழற்றிப் போட்ட சட்டை. புதுத் தோல் இறுகும்வரை இறால் ஓரிரு நாள் ஒளிந்திருக்கும். அவசரப்பட்டு வேறு இறால் வாங்கவோ மருந்து ஊற்றவோ வேண்டாம். குறிப்பாக, மீனின் வெண்புள்ளி நோய்க்கான செப்பு மருந்து இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும். நோய்ப்பட்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: லயன்ஃபிஷ்ஷுக்கு (நச்சு முள் உள்ள, மீன் தின்னும் மீன்) உயிருள்ள தங்கமீன் போடலாமா? கூட என்ன மீன் வைக்கலாம்?

பதில்: போடாதீர்கள். தங்கமீனில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினைச் சிதைக்கிறது. நன்னீர் மீனின் கொழுப்பும் கடல்மீனுக்குப் பொருந்தாது. பழக்கம் மாற்ற, இறால் துண்டையோ கடல்மீன் துண்டையோ நீளமான குச்சியில் குத்தி, முகத்துக்கு நேரே உயிருள்ளதுபோல் மெதுவாக ஆட்டுங்கள். முதல் சில நாள் முறைக்கும், பசித்தால் கவ்வும். வளர்ந்த மீனுக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை போதும். துணைக்கு, அதன் வாய்க்குள் அடங்காத அளவுள்ள மீன்கள் மட்டும். அதன் வாய் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாக விரியும். தொட்டிக்குள் கையை விடும்போது அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வேலை செய்யுங்கள். முள் குத்தினால், தோல் வெந்துவிடாத அளவுக்குத் தாங்கும் சூட்டு வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்திவிட்டு, மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: மஞ்சள் டாங் மீன் இருக்கும் தொட்டியில் இன்னொரு டாங் விடலாமா?

பதில்: தொட்டி பெரியதாக இருந்தால் யோசிக்கலாம். உடல்வாகு ஒத்திருந்தால் சண்டை அதிகம். வாலடியில் இருபுறமும் கூர்முள் உண்டு, அதனால் வெட்டிக்கொள்ளும். புதியதைச் சில நாள் துளைப்பெட்டியில் வைத்து, பழையது அலட்சியமாகக் கடந்துபோகிறது என்று தெரிந்தபின் திறந்துவிடுங்கள். தீனியான கடற்பாசித் தாளை இரண்டு மூலைகளிலும் கிளிப்பில் மாட்டுங்கள். ஒரே இடத்தில் மாட்டினால் சண்டை அங்கேதான் தொடங்கும்.

கேள்வி: கிளவுன் மீன்களோடு கடல்குதிரை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது. நாளுக்கு இரண்டு மூன்று தடவை சாப்பிட வேண்டும், அதுவும் நின்று நிதானமாக. கிளவுன் மீன் அதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடும். கடல்குதிரைக்குத் தனித் தொட்டி போடுங்கள்.