லெட்டர்மேனின் முழு இரவுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். சில ஆண்டுகளாக, அமெரிக்கத் தொலைக்காட்சியில் பின்னிரவு நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திய டேவிட் லெட்டர்மேனின் தீவிர ரசிகன். அவர் 2015-லேயே அதிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார் என்றாலும், தினமும் இரவு யூடியூபில் அவருடைய காணொளித் துணுக்குகளைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நூற்றுக்கணக்கில் பார்த்திருப்பேன். மனைவி இதை நோய் என்கிறாள். என்னைத் தெரியவே தெரியாத ஒருவர்மேல் இவ்வளவு பற்று வைப்பது அசட்டுத்தனமா? தன்னிடம் வேலைசெய்த பெண்களுடன் உறவு வைத்திருந்தார் என்று 2009-ல் வெளிவந்த செய்திக்குப் பிறகும் அவரை நேசிக்கலாமா? அமெரிக்க நகைச்சுவையைப் புரிந்துகொள்ள எந்த நூல்களை வாசிக்க வேண்டும்? பாடகர் வாரன் ஸீவான் அவரிடம் சொன்ன "ஒவ்வொரு சான்ட்விச்சையும் அனுபவித்துச் சாப்பிடு" என்ற வரியைத்தான் என் வாழ்க்கைத் தத்துவமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அசட்டுத்தனம் இல்லை. நம்மைத் தெரியாதவர்கள்மேல் பற்று வைப்பது மனித இயல்பு. அதற்காகக் கூச்சப்படாதீர்கள். நூற்பட்டியல் வேண்டாம், படித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. மனைவி சொல்வதில் பாதி சரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். நீங்கள் அவரைத் துணுக்குகளாகப் பார்க்கிறீர்கள். அதை ஒரு பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். அவர் நடத்திவந்த 'லேட் ஷோ' நிகழ்ச்சியையே 2026 மே மாதத்துடன் மூடப்போவதாக சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் 2025 ஜூலையில் அறிவித்ததிலிருந்து என் மனதில் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது: ஒரு பின்னிரவு நகைச்சுவையாளரிடமிருந்து நாம் எதைக் காப்பாற்றி வைக்கிறோம், எதை வெட்டி எறிகிறோம்?

லெட்டர்மேன் 1982 பிப்ரவரி 1 அன்று என்பிசி தொலைக்காட்சியில் நள்ளிரவு தாண்டி 12:30 மணிக்கு நிகழ்ச்சி நடத்த அமர்ந்தார். 1993-ல் சிபிஎஸ்ஸுக்கு வந்து, 2015 மே 20 வரை நீடித்தார். முப்பத்து மூன்று ஆண்டுகளில் 6000-க்கும் மேற்பட்ட இரவுகள். அத்தனை இரவும் எந்த மனிதனாலும் சிரிக்கவைக்க முடியாது. அது அவருக்குத் தெரியும். ஒரு நகைச்சுவை எடுபடாமல் விழுந்துவிட்டால் அவர் தாண்டிப் போகமாட்டார். டையைச் சரிசெய்துகொள்வார். வாத்தியக் குழுவின் பால் ஷாஃபரைத் திரும்பிப் பார்ப்பார். அதே வரியை மறுபடியும் சொல்வார். மூன்றாம் முறை சொல்லும்போது அரங்கம் அந்தப் பிடிவாதத்துக்காகவே சிரித்துவிடும். பிறகு கையிலிருக்கும் அட்டையைப் பின்புறச் சன்னலை நோக்கி விட்டெறிவார். அந்தச் சன்னலில் கண்ணாடியே கிடையாது. ஆனாலும் கண்ணாடி நொறுங்கும் ஓசையை ஒருவர் சரியான நொடியில் ஒலிக்கவிடுவார்.

துணுக்கு தயாரிப்பவர் முதலில் வெட்டுவது அந்த விழுந்த நகைச்சுவையைத்தான். மிஞ்சுவது எப்போதும் வெல்கிற ஒருவர். அப்படி ஒருவர் அந்த மேசைக்குப் பின்னால் இருந்ததே இல்லை, எஸ். நீங்கள் நேசிப்பது இல்லாத ஆளை.

தொண்ணூறுகளின் இறுதியில் நியூ ஜெர்சியில், எடிசனில், நண்பர்களோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். பதினொன்று முப்பத்தைந்துக்கு டிவியைப் போடுவோம். செனட்டர்களின் பெயரும் தெரியாது, பேஸ்பாலும் தெரியாது. அவர் சொன்னதில் பாதி எங்கள் தலைக்குமேலே போனது. ஆனால் அவர் தோற்பது மட்டும் எனக்கு முழுதாகப் புரிந்தது. பகலில் அலுவலகக் கூட்டங்களில் நான் வாய்திறந்தால் என் உச்சரிப்பு யாருக்கும் விளங்காது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார்கள். நான் பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். இரவில் இந்த மனிதர், நாடே பார்த்துக்கொண்டிருக்க, விழுந்த வரியை எடுத்துத் தூசிதட்டி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் நானும் சொன்னதையே இரண்டாம் முறை சொல்லப் பழகினேன். ஒரு துணுக்கும் எனக்கு அதைக் கற்றுத்தந்திருக்காது.

லெட்டர்மேனே குருவாக வணங்கிய முந்தைய தலைமுறைப் பின்னிரவு நகைச்சுவையாளர் ஜானி கார்ஸனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 1962 முதல் 1972 வரை அவர் நியூயார்க்கிலிருந்து நடத்திய இரவுகளில் பெரும்பகுதி இன்று எங்கும் கிடையாது. ஒளிநாடா விலை அதிகம் என்பதால் நிறுவனம் பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவுசெய்தது. பத்தாண்டுச் சிரிப்பு அப்படிப் போயிற்று. லெட்டர்மேன் காலத்தில் ரசிகர்கள் வீட்டில் நிகழ்ச்சியை நாடாவில் பதிவுசெய்யும் விசிஆர் கருவி இருந்தது. நியூயார்க்கில் ஒரு ரசிகர் பல ஆண்டுகள் விடாமல் இரவிரவாகப் பதிவுசெய்து அடுக்கி வைத்தார். பிறகு இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். பழைய காட்சிகளின் ஓரத்தில் கோடுகள் நடுங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அவை யாரோ ஒருவர் வீட்டு நாடாவின் கோடுகள். தீவிர ரசிகன் என்று நான் சொல்வது அவரைப் போன்றவரைத்தான். அவர் நல்லதை மட்டும் பொறுக்கியெடுக்கவில்லை. நீங்கள் பொறுக்குகிறீர்கள்.

இப்போது உங்கள் சான்ட்விச். அந்த நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்தீர்களா? 2002 அக்டோபர் 30. ஸீவானுக்குக் குணப்படுத்த முடியாத புற்றுநோய். லெட்டர்மேன் வழக்கத்தை மீறி நிகழ்ச்சி முழுவதையும் அவருக்கே கொடுத்தார். ஷாஃபர் இல்லாத நாட்களில் அங்கே வாத்தியக் குழுவை நடத்தியவர் ஸீவான், அந்நியர் அல்ல. இருபதாண்டுகளாக மருத்துவரிடமே போகாதது என் உத்தியில் ஒரு பிழையாக இருக்கலாம் என்கிறார். அரங்கம் சிரிக்கிறது. எதையும் கேட்டுவிடக்கூடிய லெட்டர்மேன் அன்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: வாழ்வையும் சாவையும் பற்றி எனக்குத் தெரியாத எதுவும் உங்களுக்குத் தெரியுமா? அவ்வளவு பெரிய கேள்வியை ஏற்றுக்கொள்ள மறுத்து, ஒவ்வொரு சான்ட்விச்சையும் எவ்வளவு அனுபவித்துச் சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர ஒன்றுமில்லை என்கிறார் ஸீவான். தத்துவம் சொல்ல மாட்டேன் என்று விலகிய ஒரு மனிதனின் பதிலை நீங்கள் தத்துவமாகச் சட்டம்போட்டு மாட்டியிருக்கிறீர்கள்! பிறகு அவர் மூன்று பாட்டுகள் பாடினார். ஒப்பனை அறையில் தன் கிட்டாரை லெட்டர்மேனிடம் ஒப்படைத்தார். அடுத்த செப்டம்பரில் இறந்துபோனார். அந்த ஒரு மணிநேரத்தில் தடுமாற்றங்கள்தான் அதிகம். அந்தத் தடுமாற்றங்களுக்காகத்தான் நான் அதை மறுபடி மறுபடி பார்க்கிறேன்.

2009 பற்றிக் கேட்டீர்கள். மன்னிக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அது அந்தப் பெண்களுடையது. அக்டோபர் 1 இரவையும் முழுதாகப் பாருங்கள். தன்னிடம் ஒருவர் பணம் கேட்டு மிரட்டியதைச் சொல்கிறார். தன் நிகழ்ச்சியில் வேலைசெய்த பெண்களுடன் உறவு வைத்திருந்ததை ஒப்புக்கொள்கிறார். அரங்கம் அதற்கும் சிரித்துக் கைதட்டுகிறது. அந்தக் கைதட்டலைக் கேளுங்கள். அது நம்மைப் போன்ற ரசிகர்களின் கைதட்டல். எனக்கு அது இன்றும் கூசுகிறது.

மனைவி சொல்வதில் சரியான பாதி, தினமும் இரவு என்பது. அதை நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒரு நாள் போதும். எண்பதுகளில் ஏதோ ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எடுத்து, எங்கும் ஓட்டாமல், பெயர் தெரியாத விருந்தினர்களையும் சகித்துக்கொண்டு, கடைசி வரை பாருங்கள். மனைவியையும் கூப்பிடுங்கள், வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். அன்று எந்த நகைச்சுவை விழுந்தது, அதன்பின் அவர் என்ன செய்தார் என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடுகிறேன்.