‘காசு வாங்கிட்டோமே...’ – வக்கீலம்மா பதில்கள்

கேள்வி: என் தங்கையும் மச்சானும் போன தை மாதம் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு திருவள்ளூர் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குப் போனார்கள். செலவுக்கு வாரம் 1,000 ரூபாய். மாசியில் எங்கள் அம்மா இறந்துபோனார். “ஒருத்தர் போங்க, ஒருத்தர் இருங்க” என்று மச்சானை மட்டும் அனுப்பினார்கள். பெற்ற மகள் கடைசியாக முகம் பார்க்கவில்லை. ஆனியில் கணக்குப் பார்த்து, இன்னும் 34,000 பாக்கி, அடுத்த தை வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. ‘வாங்கின காசுக்கு உழைச்சுத்தானே தீரணும்’ என்கிறார் அப்பா. இதைக் கொத்தடிமை என்று சொல்லலாமா?
– பெயர் வேண்டாம், பாப்பிரெட்டிப்பட்டி வட்டம்

பதில்: சொல்லலாம் தம்பி. ‘ஒருத்தர் போங்க, ஒருத்தர் இருங்க’ என்ற அந்த ஒரு வரி போதும். அடகுக் கடையில் நகையை வைப்பதுபோல உங்கள் தங்கையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியையோ சவுக்கையோ தேடுவதில்லை. வாங்கின கடனுக்காக நினைத்த இடத்துக்குப் போக முடியவில்லையா, வேறு வேலைக்குப் போக முடியவில்லையா, உழைப்புக்கு உரிய கூலி கிடைக்கவில்லையா என்றுதான் கேட்கிறது. இதில் ஒன்று இருந்தாலே போதும். ‘அடிக்கவில்லையே’ என்கிறீர்கள். டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. பசியும் வறுமையும் நெருக்கி ஒருவரைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய வைத்தால் அதுவும் கட்டாய உழைப்புதான்.

சரி, கணக்குக்கு வருவோம். தையிலிருந்து ஆனிவரை 22 வாரம் என்று வையுங்கள். வாரச் செலவு 22,000. முன்பணத்தில் கழித்தது 26,000. ஆக இரண்டு பேருக்கும் சேர்த்து 48,000. வாரத்துக்கு ஆறு நாள் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 180 ரூபாய் சொச்சம். விடிவதற்கு முன்னால் எழுந்து மண் மிதித்துக் கல் அறுத்ததற்கு! நூறு நாள் வேலைக்குக்கூட அரசு இதைவிட அதிகக் கூலி வைத்திருக்கிறது.

உங்கள் அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். என் தாத்தா அரூர் பக்கம் ஒரு பெரிய விவசாயி வீட்டில் ஆள்காரராக இருந்தவர். அத்தை கல்யாணத்துக்கு வாங்கின கடன். எவ்வளவு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, நோட்டு அவர்களிடம். சட்டம் வந்து அஞ்சு வருஷம் கழித்தும் தாத்தா அதே மாட்டுக் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தார். யாரோ விவரம் சொன்னபோது, “சட்டம் கடனைத் தள்ளும், வாக்கை யார் தள்றது?” என்று கேட்டாராம். எங்கள் மாவட்டத்துப் பூட்டு இதுதான். ஏழைக்கு வாங்கின காசைத் திருப்பிக் கொடுப்பது மானப் பிரச்சினை, அந்த மானத்தைத்தான் எதிராளி முதலீடாகப் போட்டிருக்கிறான்.

அந்த 34,000ஐக் கட்டாதீர்கள். சட்டப்படி அந்தக் கடன் செத்துவிட்டது. கேட்டு வாங்கினால் வாங்குகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் பணம் கொடுத்தவர்தான், உங்கள் மச்சான் அல்ல. சூளை இருக்கும் ஊரின் கோட்டாட்சியருக்கு மனு எழுதுங்கள், ஒரு நகலை நம் ஆட்சியருக்கும் கொடுங்கள். அண்ணனாகிய நீங்களே கொடுக்கலாம். எழுத ஆள் இல்லையென்றால் 15100க்கு அழையுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழு காசு வாங்காமல் உதவும்.

விசாரணை முடிந்ததும் விடுதலைச் சான்றிதழைக் கையில் வாங்காமல் நகராதீர்கள். அந்தக் காகிதம் இல்லாமல் எந்த உதவியும் வராது. மறுவாழ்வுக்கு ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கு இரண்டு லட்சம் என்று மத்திய அரசின் திட்டம் சொல்கிறது. ஆனால் பெரிய தொகையை வழக்கின் தீர்ப்போடு முடிச்சுப் போட்டிருப்பதால் இழுத்தடிக்கும். அதை நம்பிப் புதுக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் கொத்தடிமை பற்றிப் பேச்சை எடுத்தேன். ‘எங்களை அடிமைங்கறியா?’ என்று இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் மனைவியும் குழுவில் இருக்கிறார். எப்படித்தான் பேசுவது?
– குழுத் தலைவி, ஊத்தங்கரை

பதில்: அந்த வார்த்தையை முதலில் எடுத்ததுதான் தப்பு. நானும் செய்திருக்கிறேன் அம்மா. சித்தேரி மலை அடிவாரத்தில் ஒரு ஊர். கோயில் திண்ணையில் நின்று கட்டாய உழைப்பைத் தடை செய்கிற அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவை ராகம் போட்டு வாசித்தேன். முடித்ததும் ஒரு பாட்டி, “சரி கண்ணு, மழை வருமா?” என்றார். அத்தோடு கூட்டம் முடிந்தது.

அடுத்த முறை சட்டப் புத்தகத்தை பஸ்ஸிலேயே பைக்குள் வைத்துவிட்டேன். “முன்பணம் வாங்கினப்ப எழுதின காகிதத்தை எடுத்துக்கிட்டு வாங்க, கணக்குப் போட்டுப் பாக்கலாம்” என்றேன். ஒருவர் வீட்டில்கூடக் காகிதம் இல்லை. அப்புறம்தான் பேச்சு வந்தது. ஒருவர் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றார், இன்னொருவர் அதே சூளையில் வேறு விலை சொன்னார். இருட்டும்வரை யாரும் எழுந்து போகவில்லை.

‘மனு கொடுக்கலாம்’ என்றதும் வாய் மூடிக்கொள்வார்கள். அதற்காகக் கோபப்படாதீர்கள். அரூர் பக்கத்து மலைவாழ் மக்கள் ஊரான வாச்சாத்தியில் 1992 ஜூன் 20ஆம் தேதி சோதனை என்று வந்து ஊரையே அடித்துச் சூறையாடி, பெண்களைச் சீரழித்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொல்ல 2011 ஆனது, உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆனது. எங்கள் பக்கத்து ஜனம் அரசு ஜீப்பைக் கண்டால் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் மனுவுக்குத் துணையாக நீங்கள் கூடவே போங்கள்.

மேஸ்திரி மனைவியை விலக்காதீர்கள். ஒரு குடும்பம் ஓடிப்போனால் முதலாளி மேஸ்திரியின் சட்டையைத்தான் பிடிப்பார். அந்த அம்மாவுக்கும் சொல்ல நிறைய இருக்கும்.

கேள்வி: முன்பணம் கொடுக்காமல் எவனும் வேலைக்கு வருவதில்லை. வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால் என் நஷ்டத்தை யார் தருவார்?
– சூளை உரிமையாளர், ஓசூர் வட்டம்

பதில்: கடன் கொடுத்தால் பணத்தைக் கேளுங்கள் ஐயா, ஆளைக் கேட்காதீர்கள். அவர் நாளைக்கே வேறு வேலைக்குப் போகலாம், ஊர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகலாம், நீங்கள் வாரக் கூலியை முழுசாகக் கொடுக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு என்ன பயம்? ஆதார் அட்டையையும் ரேஷன் அட்டையையும் வாங்கி உங்கள் பீரோவில் வைத்திருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பிப்ரவரி 9ஆம் தேதி கல்லூரியில் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுத்தோம். ஏன் அந்தத் தேதி? அடிமை முறையை வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒழித்துவிட்டார்களே?
– மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: 1843ஆம் ஆண்டுச் சட்டம், மனிதனைச் சொத்து என்று சொல்லிக்கொண்டு எவனும் நீதிமன்றம் வர முடியாது என்றது. ஆனால் கடன் என்று சொல்லிக்கொண்டு வரலாமே! அந்த ஓட்டையை அடைக்க இன்னும் 130 வருஷத்துக்கு மேல் ஆனது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது. 1976 பிப்ரவரி 9இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்து அது முழுச் சட்டமானது.

உங்கள் கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதும் 2004இல் அதே பிப்ரவரி 9தான். அடுத்த வருஷம் மாவட்டப் பிறந்தநாள் வாழ்த்துப் போடும் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.